சும்மா என்றொரு நோயாளி

அந்த அலுவலகத்தில் அவளைப் பெயர் சொல்லி அழைப்பது சம்பளம் போடுகிறவர்கள் மட்டும்தான். மற்ற எல்லோருக்கும் அவள் பஞ்சக்கா. யார் எவ்வளவு காட்டமாக எதைச் சொன்னாலும் அதைப் பஞ்சில் சுற்றி அடுத்தவரிடம் கொடுப்பாள் என்பதால் வந்த பெயர். ஒரு காதில் "நாசமாப் போங்க" என்று விழுந்தால் வாயில் "கொஞ்சம் சிரமப்படுறாங்க" என்று வெளியே வரும். பெயரை யார் வைத்தார்கள் என்று தெரியவில்லை. அவளுக்கு அதில் வருத்தமில்லை, உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

டயாலிசிஸ் மையங்களுக்கு சாஃப்ட்வேர் செய்து கொடுக்கும் நிறுவனம் அது. சிறுநீரகம் கைவிட்டவர்கள் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை வந்து நாற்காலியில் சாய்ந்து, ரத்தத்தை இயந்திரத்துக்குக் கொடுத்து, சுத்தமாக்கித் திரும்ப வாங்கிக்கொண்டு போகிற இடங்கள் அவை. எந்த நாற்காலியில் யார், எத்தனை மணிக்கு என்று ஒழுங்கு செய்வதுதான் அந்த சாஃப்ட்வேரின் வேலை. பஞ்சக்கா இருந்தது இரண்டாம் மாடியில், கஸ்டமர் சக்சஸ் என்ற பிரிவில். பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். வாங்கியவர்கள் விட்டுவிட்டு ஓடிவிடாமல் பார்த்துக்கொள்கிற வேலை. காலையில் ஹெட்போனை மாட்டினால் திட்டு வாங்க வேண்டும், வழி சொல்ல வேண்டும், சொன்ன வழி சரிப்படவில்லை என்று மறுபடி திட்டு வாங்க வேண்டும்.

சாஃப்ட்வேரை உருவாக்குகிற புராடக்ட் டீம் நான்காம் மாடியில். நடுமாடியில் சம்பந்தமே இல்லாத வேறு ஒரு கம்பெனி. இரண்டு பிரிவினரும் லிஃப்டில் சந்தித்தால் பல்லைக் காட்டிக்கொள்வார்கள். பிரிந்ததும், "இவங்களுக்கு ஒண்ணுமே புரியாதுப்பா" என்று மேலேயும் சொல்வார்கள், கீழேயும் சொல்வார்கள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு மாடிக்கும் அப்படி ஒரு ஒற்றுமை.

மேல்மாடிக்குத் தலைவர் ஒருவர் இருந்தார். எதைப் பேசுவதானாலும் முதலில் பலகையில் ஒரு கட்டம் வரைந்துவிட்டுத்தான் பேசுவார். அதனால் அவர் கட்டம் சார். கெட்டிக்காரர், கெட்டவர் இல்லை. அவருடைய செல்லப்பிள்ளை 'நிரப்பி' என்ற வசதி. ஒரு நோயாளி வரமுடியாமல் போய் நாற்காலி காலியானால், நிரப்பி தானாகவே அடுத்தவரை அந்த நேரத்துக்கு இழுத்து, "உங்கள் நேரம் மாறியுள்ளது, உடனே வரவும்" என்று அவர் போனுக்கு மெசேஜ் அனுப்பிவிடும். கட்டம் சாரைப் பொறுத்தவரை காலி நாற்காலி என்பது வீணாகிற நாற்காலி.

நிரப்பி வந்த முதல் வாரமே பெரிய சிஸ்டர் போனில் பொரிந்து தள்ளினார். ஊரிலேயே பெரிய மையத்தின் தலைமை நர்ஸ் அவர். "ஏம்மா, யாரைக் கேட்டு என் பேஷண்ட்டோட நேரத்தை மாத்துறீங்க? பாதிப் பேர் மகளோ மருமகனோ லீவு போட்டுக் கூட்டிட்டு வந்தாத்தான் வரமுடியும். அடுத்த நிமிஷம் வான்னா பறந்தா வருவாங்க? செய்யறவன் எவனோ அவனை இங்க கூட்டிட்டு வா, நாலு கேள்வி கேக்கணும்!"

பஞ்சக்கா காது சிவக்கக் கேட்டுக்கொண்டாள். பிறகு மேல்மாடிக்கு எழுதினாள்: "நேரம் தானாக மாறாமல் இருக்க ஒரு வசதி இருந்தால் நன்றாக இருக்கும்." மேலிருந்து பதில் வந்தது: "இப்போதைக்கு வாய்ப்பில்லை." அதையும் அப்படியே சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. "பரிசீலிக்கிறாங்க சிஸ்டர், மேல பேசிட்டு இருக்காங்க" என்றாள். சிஸ்டர் கொஞ்சம் ஆறினார். அவளுக்கும் நிம்மதியாக இருந்தது.

ஆனால் திட்டு நிற்கவில்லை. அதனால் ஒருநாள் அவளே ஒரு வழி கண்டுபிடித்துச் சொல்லிக் கொடுத்தாள். நாற்காலி காலியானால், இல்லாத ஒரு நோயாளியை அதில் போட்டுவிடுங்கள். நாற்காலி நிரம்பிவிட்டது என்று நினைத்து நிரப்பி வாயை மூடிக்கொள்ளும். பெயர்க் கட்டத்தை வெறுமையாக விட முடியாதே, என்ன பெயர் போடுவது என்று சிஸ்டர் கேட்டார். "சும்மா ஏதாவது போடுங்க சிஸ்டர்" என்றாள் இவள். சிஸ்டர் 'சும்மா' என்றே போட்டுவிட்டார்.

அன்றைக்குப் பிறந்தவர்தான் சும்மா. வழி பலித்ததும் பஞ்சக்கா மற்ற மையங்களுக்கும் அதையே சொல்லிக் கொடுத்தாள். ஊர் ஊராகச் சும்மாக்கள் பெருகினார்கள். நர்ஸுகள் சும்மாவுக்கு வயது வைத்தார்கள், ரத்த வகை வைத்தார்கள். திட்டுகிற போன்கள் குறைந்தன. சொன்னால் யார் நம்புவார்கள், அந்த வருடம் சிறந்த ஊழியர் என்று அவளுக்கு ஒரு கண்ணாடிக் கோப்பை கொடுத்தார்கள்.

வீட்டிலும் அவளுக்கு இதே உத்தியோகம்தான். அப்பா அவளோடு இருந்தார். தம்பி வேறு ஊரில். அம்மா போன பிறகு ஒருநாள் வாசலில் வைத்து அப்பா ஒரு வார்த்தை சொன்னார், தம்பி ஒரு வார்த்தை சொன்னான். இரண்டும் இன்னும் ஆறவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் தம்பி அக்காவிடம் பேசுவான். குழாய் ஒழுகுவது, மகளின் பள்ளிக்கூடம், மேலதிகாரியின் அட்டகாசம் எல்லாம் சொல்வான். அப்பாவைப் பற்றி மட்டும் வாயே திறக்க மாட்டான். இவளாக, "அப்பா உன்னைப் பத்திக் கேட்டுக்கிட்டே இருக்காருடா" என்பாள். அவன் "ம்" என்பான். அவள் போனை வைத்ததும் ஜன்னலோர நாற்காலியில் செய்தித்தாள் கொஞ்சம் கீழே இறங்கும்.

"என்னைக் கேட்டானா?"

"கேட்டான்பா."

செய்தித்தாள் மேலே ஏறிவிடும். அவள் கணவர் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டே, "உனக்கு ஞாயித்துக்கிழமையும் டியூட்டியா?" என்று கிண்டல் செய்வார். அவள் சிரித்துவைப்பாள்.

இப்படி எல்லாம் வழுக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்த வியாழக்கிழமைக் கூட்டம் வந்தது. இரண்டு மாடிக்காரர்களும் ஒரே அறையில். டீயும் பிஸ்கட்டும் முதலாளியும் இருந்தார்கள். கட்டம் சார் திரையில் ஒரு கோட்டைக் காட்டினார். மையங்களில் காலியாகக் கிடந்த நாற்காலிகளின் கோடு. நிரப்பி வந்ததிலிருந்து சரிந்து சரிந்து தரையில் படுத்துவிட்டிருந்தது. மேல்மாடிக்கு நோயாளிகளின் பெயர் தெரியாது, தெரியவும் கூடாது, எண்ணிக்கை மட்டும்தான் தெரியும். அந்த எண்ணிக்கையில் சும்மாவும் ஓர் ஆள். எல்லோரும் கைதட்டினார்கள். பஞ்சக்காவும் தட்டினாள்.

"இது இவ்வளவு நல்லா வேலை செய்யறதால, அடுத்த படி போறோம்" என்றார் கட்டம் சார். "திங்கட்கிழமைலேருந்து, நேரத்துக்கு வந்து சேராதவங்களோட நாற்காலியை நிரப்பியே எடுத்து அடுத்தவங்களுக்குக் குடுத்துடும். யாரும் கை வைக்கவே வேண்டாம்."

பஞ்சக்காவின் பிஸ்கட் டீக்குள் முறிந்து விழுந்தது. சும்மா எந்த நாளும் வந்து சேரப்போவதில்லை. திங்கட்கிழமை காலையில் எல்லா ஊரிலும் எல்லா மையங்களிலும் சும்மாக்கள் ஒரே நேரத்தில் வராமல் போவார்கள். நிரப்பி அத்தனை நாற்காலிகளையும் பிடுங்கி, படுக்கையில் இருக்கிறவர்களையெல்லாம் உடனே வா என்று கூப்பிடும். இத்தனைக்கும் காரணம் கையில் கரண்டியோடு டீயைக் கிளறிக்கொண்டிருந்த அவளேதான்.

இருக்கைக்குத் திரும்பி மேல்மாடிக்கு எழுத உட்கார்ந்தாள். "ஒரு சிறு சந்தேகம். நேரம் இருக்கும்போது பார்த்தால் நன்றாக இருக்கும்" என்று விரல்கள் தாமாக அடித்துவிட்டன. அதைப் பார்த்ததும் அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. வீடு பற்றி எரியும்போதும் இவள் அடுத்த வீட்டுக்காரரிடம், தண்ணீர் கிடைத்தால் நன்றாக இருக்கும் என்றுதான் சொல்வாள் போலிருக்கிறது. எழுதியதை அழித்துவிட்டு, லிஃப்டுக்குக் காத்திராமல் படியேறினாள்.

கட்டம் சார் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். முகத்தில் கைதட்டலின் மிச்சம் இருந்தது.

"சார், உங்க கோடு பொய்."

சொன்ன பிறகு அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. வாழ்க்கையில் இவ்வளவு மொட்டையாக அவள் எதையும் சொன்னதில்லை.

"என்ன மேடம் சொல்றீங்க?"

"காலி நாற்காலி எதுவும் குறையல சார். அதுல எல்லாம் ஒரே ஆள் உக்காந்திருக்கார். பேரு சும்மா. அப்படி ஒரு ஆளே கிடையாது. நர்ஸுங்க நிரப்பிக்குப் பயந்து போட்டு வைக்கறாங்க. போடச் சொல்லிக் குடுத்தது நான்."

அவர் பேனாவை எடுத்துப் பலகையில் ஒரு கட்டம் போட்டார். உள்ளே எழுத ஒன்றும் கிடைக்காமல் அப்படியே நின்றார்.

"மூணு வருஷம் மேடம். இந்தக் கோட்டை நம்பி அத்தனை பேரும் ராப்பகலா உழைச்சிருக்காங்க. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேன் சார். எழுதினேன்."

அவர் கம்ப்யூட்டரில் தேடித் திரையை அவள் பக்கம் திருப்பினார். "இதுவா? 'இருந்தால் நன்றாக இருக்கும்.' உங்க டீம்லேருந்து வர்ற எல்லாத்துலயும் இதே வார்த்தைதான். பட்டனோட கலரை மாத்தணும்னாலும் இதே வார்த்தை, ஒருத்தர் மயங்கி விழுந்தாலும் இதே வார்த்தை. எனக்கு எப்படித் தெரியும், எது இல்லேன்னா உயிர் போகும்னு?"

அவளுக்கு ரோஷம் வந்தது. "நீங்க மட்டும் என்ன சார்? 'வாய்ப்பில்லை'ன்னு ஒரே வரியில முடிச்சுட்டீங்க. ஏன் கேக்கறாங்கன்னு ஒரு போன் போட்டிருக்கலாம்ல? ரெண்டு மாடி இறங்கி வந்திருக்கலாம்ல?"

கட்டம் சார் பேனாவை மூடி வைத்தார். "வந்திருக்கலாம்" என்றார். குரல் இறங்கியிருந்தது. "யாருமே எதுவும் கேக்கறதில்லையே, இதை யாராவது உபயோகிக்கறாங்களான்னே எனக்குச் சந்தேகம் இருந்துச்சு மேடம். அதனாலதான் அந்தக் கோட்டைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டேன்." பிறகு நிமிர்ந்தார். "அந்த சிஸ்டரை நான் பாக்கணும். நாளைக்கே. நீங்க நடுவுல பேசக் கூடாது."

"குதறிடுவாங்க சார்."

"குதறட்டும்."

மறுநாள் காலை மையத்துக்குப் போனார்கள். நீண்ட கூடம். இரு பக்கமும் சாய்வு நாற்காலிகள், பக்கத்தில் ஆளுயர இயந்திரங்கள். ரத்தம் வெளியே போய் வரும்போது குளிரும் என்பதால் எல்லோரும் போர்வைக்குள் இருந்தார்கள். கிருமிநாசினி வாடை மூக்கைத் துளைத்தது. பெரிய சிஸ்டர் கையுறையோடு ஓர் இயந்திரத்தின் குழாய்களை மாற்றிக்கொண்டிருந்தார். வந்திருப்பது யார் என்று தெரிந்ததும் கையுறையைக் கழற்றினார்.

"நீங்கதானா அது?"

பஞ்சக்காவுக்கு நாக்கு துருதுருத்தது. "சிஸ்டர் என்ன சொல்ல வர்றாங்கன்னா" என்று தொடங்கும் வாக்கியம் தொண்டை வரை வந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"உங்க மெசேஜைப் பாத்துட்டு ஒரு பெரியவர் சாப்பிடாமக் கொள்ளாம ஓடி வந்தார் சார். இதோ, இந்த வாசல்லதான் தலைசுத்தி விழுந்தார். அவ்வளவு அவசரமாக் கூப்பிட்டீங்களே, நாற்காலி காலியாவா இருந்துச்சு? ஒருத்தர் எழுந்து போனா மெஷினைக் கழுவணும். சில பேருக்கு பிரஷர் இறங்கிடும், எழுப்பவே முடியாது, படுக்க விடணும். நான் கழுவுற நேரமும் அவங்க மூச்சு விடற நேரமும் உங்க கணக்குல காலி!"

ஜன்னலோரம் போர்வைக்குள்ளிருந்து ஒரு நோயாளி கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "அதுல பாருங்க, நல்ல நாற்காலியெல்லாம் சும்மாவுக்குத்தான் கிடைக்குது." இரண்டு மூன்று போர்வைகள் குலுங்கிச் சிரித்தன. கட்டம் சாரும் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

"மூணு வருஷமா சொல்லிக்கிட்டே இருக்கேன்" என்றார் சிஸ்டர்.

"எனக்கு வந்து சேரல சிஸ்டர்."

சிஸ்டர் மெதுவாகப் பஞ்சக்காவின் பக்கம் திரும்பினார். "பரிசீலிக்கறாங்க, பேசிட்டு இருக்காங்கன்னு சொன்னியேம்மா?"

அவளிடம் பஞ்சு எவ்வளவோ இருந்தது. எடுத்துச் சுற்றியிருக்கலாம். "பொய் சொன்னேன் சிஸ்டர்" என்றாள். "வாய்ப்பில்லைன்னுட்டாங்க. உங்க மனசு கஷ்டப்படுமேன்னு மாத்திச் சொன்னேன். நீங்க சொன்னதையும் அங்க மாத்தித்தான் சொன்னேன்."

"நான் உன்னையா திட்டினேன்? உன் வழியா அவங்களைத் திட்டினேன்." சிஸ்டரின் குரலில் கோபம் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "நீ நல்ல பிள்ளையா எல்லாத்தையும் நீயே வாங்கி வெச்சுக்கிட்டே. இவ்வளவு நாள் நான் கத்தினது எதுவுமே போய்ச் சேரலையா?"

பஞ்சக்கா அழுதுவிட்டாள். நோயாளிகள் நாகரிகமாகக் கண்ணை மூடிக்கொண்டார்கள். சிஸ்டர் புதுக் கையுறையை மாட்டிக்கொண்டு இயந்திரத்தின் பக்கம் திரும்பினார். கட்டம் சார் மட்டும் நகரவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒருவர் எழுந்து அடுத்தவர் உட்காரும் வரை அங்கே என்னவெல்லாம் நடக்கிறது என்று மதியம் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார். பலகை இல்லை, கட்டமும் இல்லை.

புது நிரப்பி திங்கட்கிழமை வரவில்லை. அந்தக் கோடு பொய் என்று முதலாளியிடம் கட்டம் சார் தாமாகவே போய்ச் சொன்னார். பக்கத்தில் பஞ்சக்கா நின்றாள். முதலாளி இரண்டு பேரையும் ஒரே தராசில் வைத்து வாங்கு வாங்கு என்று வாங்கினார். கண்ணாடிக் கோப்பையைத் திருப்பிக் கேட்கவில்லை, அவள்தான் அதை மேஜையின் அடி இழுப்பறையில் வைத்துவிட்டாள்.

அதன் பிறகு அலுவலகத்தில் சில பழக்கங்கள் மாறின. வாடிக்கையாளர் சொன்ன வார்த்தையை, திட்டு உட்பட, அப்படியே மேலே அனுப்ப வேண்டும் என்று ஆயிற்று. 'இருந்தால் நன்றாக இருக்கும்' என்று எழுதுகிறவர் மேல்மாடிக்கே நடந்து போய் விளக்க வேண்டும். வாரத்தில் ஒருநாள் மேல்மாடிக்காரர் ஒருவர் கீழே வந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு வாயைத் திறக்காமல் கேட்க வேண்டும். முதலில் வந்தவர் வாயைத் திறந்துவிட்டார். வாடிக்கையாளரிடமே, "நீங்கதான் தப்பா அமுக்குறீங்க" என்று சண்டைக்குப் போய், அதைச் சமாதானம் செய்யவே அன்றைய பொழுது சரியாகப் போயிற்று. எல்லாம் ஒரே நாளில் சீராகிவிடுமா என்ன? ஆனாலும் 'இந்த நாற்காலி காலியாகவே இருக்கட்டும்' என்று ஒரு பட்டன் வந்தது. பல மையங்களில் அது வந்த பிறகும் சும்மாவை நீக்கவில்லை. இத்தனை நாள் பழகிவிட்டாராம்.

பெரிய சிஸ்டர் சாஃப்ட்வேரை விட்டுப் போகவில்லை. ஆனால் இப்போது சந்தேகம் வந்தால் நேராகக் கட்டம் சாரைக் கூப்பிட்டார். அவர் இல்லாதபோது மட்டும் பஞ்சக்காவுக்குப் போன் வரும். "ஒரு சந்தேகம் மேடம்" என்பார் சிஸ்டர். அந்த 'மேடம்' அவளுக்குச் சுருக்கென்று குத்தும். முன்பு போல் ஒருதடவை 'ஏம்மா' என்று கத்த மாட்டாரா என்று ஏக்கமாக இருக்கும்.

அப்படி இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி கூப்பிட்டான். குழாய் மறுபடி ஒழுகுகிறதாம். மகளுக்குக் காய்ச்சல் வந்துவிட்டதாம். "அப்பா உன்னைப் பத்தி" என்று வழக்கம்போல் தொடங்கப் போனவள், வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள். "சரிடா, உடம்பைப் பாத்துக்கோ" என்று வைத்துவிட்டாள்.

ஜன்னலோரம் செய்தித்தாள் இறங்கியது.

"என்னைக் கேட்டானா?"

எவ்வளவு சின்னப் பொய். ஒரே வார்த்தை. யாருக்கு என்ன நஷ்டம்? அவள் அப்பாவைப் பார்த்தாள். கண்ணாடிக்குப் பின்னால் அந்தக் கண்கள் தனக்கு வரவேண்டிய ஒன்றுக்காகக் காத்திருந்தன.

"இல்லப்பா. கேக்கல."

சமையலறையில் கணவர் திறந்துவிட்டிருந்த குழாய் நின்றது.

"போன வாரம்?"

"அப்பவும் கேக்கல."

அப்பா செய்தித்தாளை மடித்தார், இன்னும் ஒருதடவை மடித்தார். "நீ நல்லதுக்குத்தான் சொல்லியிருப்பே" என்றார். பிறகு, "அவன்கிட்டயும் நான் கேட்டதாச் சொல்லுவியோ?"

"ஆமாப்பா."

"நான் ஒருநாளும் கேட்டதில்லையே."

"தெரியும்பா."

இத்தனை வருடம் இரண்டு பேருக்கும் நடுவில் தான் இட்டுக்கட்டி வைத்ததைத் தவிர வேறு ஒன்றுமே இல்லையோ, எடுத்துவிட்டால் வெறும் காலி நாற்காலிதானோ என்ற பயம்தான் அவளை இதுவரை பேசவைத்தது. இப்போது எடுத்தாயிற்று.

"நம்பரைப் போட்டுக் குடு" என்றார் அப்பா.

போட்டுக் கொடுத்தாள். மணி அடித்தது. தம்பியின் குரல் அவளுக்கும் கேட்டது. "என்னக்கா, இப்பத்தானே பேசினோம்?"

"அக்கா இல்ல. நான்தான்" என்றார் அப்பா.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. இந்தப் பக்கமும் இல்லை. அப்பா போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, என்ன பேசுவது என்று கேட்பதுபோல் மகளை நிமிர்ந்து பார்த்தார். அவளிடம் சொல்வதற்கு எத்தனையோ வாக்கியங்கள் தயாராக இருந்தன. ஒன்றையும் சொல்லாமல் சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.